கேம் சர்வர் ஃபைல்களை பேனலில் இருந்தே கையாள்வது எப்படி: நிறுத்துவதில் தொடங்கி லாக் படிப்பது வரை

போன மே மாத விடுமுறைக்கு எங்கள் பெரம்பூர் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் போட்டுக் கொடுத்தேன். தினமும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது என்று, கொஞ்சம் விவரமான மூன்று பேருக்கு பேனலில், அதாவது உலாவி வழியாக சர்வரை நிர்வகிக்கும் பக்கத்தில், நுழைய அனுமதியும் கொடுத்தேன். மூன்று பேரும் மூன்று விதமாக உடைத்தார்கள். எதைச் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதில்தான் கோட்டை விட்டார்கள். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றித்தான்.

இங்கே சொல்வது மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன், பேப்பர் என்ற சர்வர் மென்பொருள், விளையாட்டின் 1.21 பதிப்பு வரிசை. பேனல் டெரோடாக்டைல். வேறு பேனலில் பொத்தான்களின் பெயர் மாறலாம், வேலை ஒன்றுதான். ஃபைல் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பேனலில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும், தேடிக் கண்டுபிடிப்பது சிரமமில்லை.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பேனலின் பயனர் பெயர், கடவுச்சொல். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அந்தக் குறியீடு வரும் போனும் பக்கத்தில், சார்ஜோடு இருக்க வேண்டும். பாதி வேலையில் பேனல் வெளியே தள்ளி மறுபடி லாகின் கேட்டால் சர்வர் நின்றபடியே கிடக்கும்.

அடுத்து ஒரு கம்ப்யூட்டர். போனில் ஃபைல் மேனேஜர் திறக்கும்தான், ஆனால் மூன்று புள்ளி மெனுவில் டெலீட் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இந்த ஃபைல் மேனேஜரில் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தால் அழித்ததுதான். மின்சார ரயிலில் நின்றுகொண்டு கட்டை விரலால் செய்கிற வேலை இல்லை இது.

எஸ்எஃப்டிபி, அதாவது கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே ஃபைல்களை அனுப்பும் முறை, அதற்கான மென்பொருள் ஒன்றையும் போட்டு வையுங்கள். ஃபைல்ஸில்லா அல்லது வின்எஸ்சிபி, எதுவானாலும் சரி. உலாவி வழியாக ஏற்றுவதற்கு டெரோடாக்டைலில் வழக்கமான வரம்பு ஒரு ஃபைலுக்கு 100 எம்பி. கொஞ்ச நாள் விளையாடிய உலகம் அதைத் தாண்டிவிடும். எஸ்எஃப்டிபி முகவரியும் பயனர் பெயரும் பேனலின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும். கடவுச்சொல் பேனலுக்குப் போடும் அதே கடவுச்சொல். போர்ட் எண் பெரும்பாலும் 2022. வழக்கமான 22 போட்டுவிட்டு "கனெக்ட் ஆகவே மாட்டேங்குது" என்று வருபவர்கள் வாரம் ஒருவராவது உண்டு.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு தகவல். "ஏழு மணியிலிருந்து ஏழரை வரை சர்வர் இருக்காது" என்று வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போதும். போடாவிட்டால் நீங்கள் நிறுத்தியதை யாராவது பழுது என்று நினைத்து ஸ்டார்ட் அழுத்திவிடுவார்கள். தேடும் உலக ஃபைல் இடத்தில் இல்லாதபோது சர்வர் எழுந்து உட்கார்ந்தால் நடப்பதை ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

2. எதையும் தொடாமல் ஒரு சுற்று

ஃபைல்ஸ் பகுதியைத் திறந்ததும் தெரிவதுதான் வேர் ஃபோல்டர். முதல் நாள் இதைச் சும்மா பார்த்தால் போதும்.

"சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்" விளையாட்டின் அடிப்படை அமைப்பு. "யூலா.டிஎக்ஸ்டி" உரிம ஒப்பந்தம், அதில் ட்ரூ என்று இல்லாவிட்டால் சர்வர் எழாது. "ஆப்ஸ்.ஜேசான்", "ஒயிட்லிஸ்ட்.ஜேசான்" இரண்டும் ஆட்களின் பட்டியல். "ப்ளகின்ஸ்" ஃபோல்டரில் ப்ளகின்களின், அதாவது சர்வருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன மென்பொருள்களின், ஜார் ஃபைல்களும், ஒவ்வொரு ப்ளகினுக்கும் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரும் இருக்கும். "லாக்ஸ்" ஃபோல்டரில் "லேட்டஸ்ட்.லாக்", நடந்ததை சர்வர் எழுதிவைக்கும் பதிவு.

அப்புறம் மூன்று உலகங்கள்: "வேர்ல்ட்", "வேர்ல்ட்_நெதர்", "வேர்ல்ட்_த_எண்ட்". நெதரும் எண்டும் விளையாட்டில் வாசல் வழியாகப் போகும் வேறு உலகங்கள். "வேர்ல்ட்" உள்ளே போனால் "லெவல்.டாட்" என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். சில கேபிதான், ஆனால் உலகத்தின் விதை (எந்த எண்ணிலிருந்து உலகம் உருவாகிறதோ அது), நேரம், விதிகள் எல்லாம் அதில். பக்கத்திலேயே "ரீஜன்" ஃபோல்டர், கட்டிய வீடுகள் எல்லாம் அதற்குள்தான். "ப்ளேயர்டேட்டா" ஃபோல்டரில் ஒவ்வொருவரின் பையிலும் என்ன இருக்கிறது என்பது.

சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. அதற்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் பழக்கத்தில் முதல் எழுத்தைப் பெரிதாக்கி "ப்ளகின்ஸ்" என்று இன்னொரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் ஜார்களைப் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடிய பையன் எங்கள் குழுவிலேயே இருக்கிறான்.

3. நிறுத்துங்கள், நிற்கும் வரை காத்திருங்கள்

சர்வர் ஓடும்போது உலகம் நினைவகத்தில் இருக்கிறது. வட்டில் எழுதுவது இடைவெளி விட்டுத்தான். வழக்கமான அமைப்பில் 6000 டிக்குக்கு (டிக் என்பது விளையாட்டின் ஒரு துடிப்பு) ஒரு முறை, விநாடிக்கு 20 டிக் என்றால் 5 நிமிடம். அதாவது நீங்கள் ஃபைல் மேனேஜரில் பார்ப்பது சில நிமிடம் பழைய நிலை. அதை மாற்றினாலும், சர்வர் தன் நினைவில் இருப்பதை அதன் மேல் எழுதிவிடும். ஓடும் சர்வரில் உலக ஃபைலை மாற்றி எதுவும் ஆகாமல் தப்பித்தால் அது அதிர்ஷ்டம்தான்.

ஸ்டாப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். கன்சோலில், அதாவது சர்வரின் செய்திகள் ஓடும், கட்டளை தட்டும் திரையில், ஆட்களைச் சேமிக்கிறேன், உலகங்களைச் சேமிக்கிறேன் என்ற வரிகள் ஓடும். நிலை "ஆஃப்லைன்" என்று மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். எங்கள் சர்வருக்கு பத்து விநாடிக்குள் முடிந்துவிடும், ப்ளகின் அதிகமிருந்தால் இன்னும் இழுக்கும்.

இந்தக் காத்திருப்பில்தான் முதல் பெரிய தப்பு நடக்கிறது. ஸ்டாப் அழுத்தியவுடன் அதே பொத்தான் அதே இடத்தில் "கில்" ஆக மாறுகிறது. பொறுமை இல்லாதவர்கள் இன்னொரு முறை தட்டுகிறார்கள். தரவு கெட்டுப்போகலாம் என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வருகிறது, அதையும் படிக்காமல் சரி கொடுக்கிறார்கள். கில் என்றால் பிளக்கைப் பிடுங்குவது மாதிரி. சேமித்துக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். கடைசி சில நிமிடக் கட்டுமானம் போகலாம், மோசமான நாளில் ஒரு ரீஜன் ஃபைலே கெடலாம். சர்வர் உண்மையிலேயே சிக்கி, பல நிமிடமாக கன்சோலில் ஒரு வரிகூட நகரவில்லை என்றால் மட்டும் கில்.

4. பேக்கப்: இரண்டு விதம், இரண்டும் வேண்டும்

சர்வர் நின்ற பிறகு பேக்கப்ஸ் பகுதியில் புதிதாக ஒன்று எடுங்கள். பெயரில் தேதியோடு காரணத்தையும் எழுதுங்கள். "ப்ளகின் மாற்றும் முன்" என்று இருந்தால் ஆறு வாரம் கழித்தும் புரியும். பேனல் தானாக வைக்கும் பெயரில் தேதியும் எண்களும்தான் இருக்கும், எதற்காக எடுத்தது என்று ஒன்றும் விளங்காது.

நின்ற பிறகு எடுப்பது ஏன்? ஓடும்போது எடுத்தால் ஒரு ஃபைல் 6:58 நிலையிலும் இன்னொன்று 7:01 நிலையிலும் பதிவாகும். பெட்டியில் இருந்த வைரம் ஒருவன் பையிலும் இருக்கும், பெட்டியிலும் இருக்கும். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் நீங்கள் கேட்ட பேக்கப் அது இல்லை.

இரண்டாவது விதம், தொடப்போகும் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் சின்ன நகல். மெனுவில் காப்பி கொடுத்தால் பக்கத்திலேயே ஒரு நகல் வந்துவிடும். ஒரு அமைப்பு வரியை மாற்றித் தப்பாகிப் போனதற்காக முழு உலகத்தையும் மீட்க வேண்டியதில்லை, அந்த ஃபைலை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினால் போதும்.

முழு பேக்கப்பை மீட்கும்போது டிக் அடையாளம் போடும் ஒரு கட்டம் வரும்: மீட்பதற்கு முன் எல்லா ஃபைல்களையும் அழிக்கவா என்று. டிக் போடாவிட்டால் பழையது புதியதன் மேல் பரவும், பேக்கப்புக்குப் பிறகு வந்த ஃபைல்கள் அப்படியே தங்கும். கெட்ட ப்ளகின் ஒன்றை நீக்கத்தான் மீட்கிறீர்கள் என்றால், டிக் இல்லாமல் மீட்டால் அந்த ப்ளகின் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். டிக் போட்டால் அதற்குப் பிறகு சேர்த்த எல்லாமே போகும். எது வேண்டும் என்று யோசித்துவிட்டு அழுத்துங்கள்.

பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டருக்கும் இறக்கி வையுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு சாதாரண பென்டிரைவ் எங்கள் சர்வருக்குப் போதுமாக இருக்கிறது. சந்தா கட்ட மறந்தால் ஹோஸ்டிங் கணக்கோடு பேனல் பேக்கப்பும் போய்விடும்.

5. அமைப்பு ஃபைல்களைத் திருத்துதல்

"சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்" எளிது. சமக்குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. இடப்பக்கத்தைத் தொடக்கூடாது. எழுத்து பிசகினால் சர்வர் திட்டாது, அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். எழும்போது மட்டும்தான் இந்த ஃபைலைப் படிக்கும் என்பதால் ஓடும்போது மாற்றிப் பயனில்லை.

மூன்று வரிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

"சர்வர்-போர்ட்": இதை இங்கே மாற்ற முடியாது. மாற்றிச் சேமித்துவிட்டு ஸ்டார்ட் அழுத்தினால் பழைய எண்ணே திரும்பி வந்திருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் பேனல் தான் ஒதுக்கிய போர்ட்டை அந்த வரியில் எழுதிவிடுகிறது. போர்ட் மாற்ற நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ஃபைல் சேமிக்கவில்லையோ என்று நான்கு முறை திருத்திப் பார்த்தவன் நானேதான்.

"லெவல்-நேம்": எந்த ஃபோல்டரை உலகமாக எடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி. ஃபோல்டரின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையென்றால் சர்வர் புகார் சொல்லாது, அந்தப் பெயரில் ஒரு புது உலகத்தைப் படைத்துவிடும்.

"ஆன்லைன்-மோட்": காசு கொடுத்து வாங்காத நண்பனும் வரட்டும் என்று இதை ஃபால்ஸ் ஆக்குகிறார்கள். உடனே எல்லோருடைய பையும் காலி. ஏனென்றால் இந்த மதிப்பைப் பொறுத்து ஒவ்வொருவரின் அடையாள எண்ணும் மாறுகிறது. "ப்ளேயர்டேட்டா"வில் பழைய எண்ணில் பொருட்கள் பத்திரமாகவே இருக்கும், மறுபடி ட்ரூ ஆக்கினால் திரும்ப வரும். பைகளை விடப் பெரிய ஆபத்து, ஃபால்ஸ் நிலையில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு உங்கள் அதிகாரத்தோடு உள்ளே வரலாம். அதனால் அதைத் தொடாதீர்கள்.

யாம்ல் ஃபைல்கள், அதாவது பேப்பர் அமைப்பும் ப்ளகின் அமைப்பும், இன்னொரு ரகம். இங்கே வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. மேல் வரியை விட இரண்டு இடம் உள்ளே தள்ளியிருந்தால் அது மேல் வரியின் பிள்ளை. டேப் விசை கூடவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல். லாக்கில் டேப் என்ற சொல்லோடு பிழை வந்தால் அதில் சொல்லும் வரி எண்ணுக்குப் போய் முன்னால் இருக்கும் வெற்றிடத்தை முழுக்க அழித்துவிட்டு ஸ்பேஸால் மறுபடி தட்டுங்கள்.

ஜேசான் பட்டியல்களைக் கையால் திருத்த வேண்டாம் என்பேன். ஒரு காற்புள்ளி கூடினாலும் குறைந்தாலும் மொத்தப் பட்டியலும் படிக்க முடியாமல் போகும். கன்சோலில் "ஒயிட்லிஸ்ட் ஆட்" என்று பெயரோடு தட்டினால் சர்வரே அடையாள எண்ணைத் தேடி எழுதிக்கொள்கிறது. இது மட்டும் சர்வர் ஓடும்போது செய்ய வேண்டியது.

பேனல் எடிட்டரிலேயே திருத்துவது நல்லது. நோட்பேடில் திருத்தி ஏற்றினால், விண்டோஸ் பின்னொட்டை மறைத்திருக்கும் பட்சத்தில், "சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்.டிஎக்ஸ்டி" என்று ஒரு ஃபைல் ஏறி, பழையது சும்மா அப்படியே இருக்கும். ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்து வைத்திருந்தால் கடைசியாகச் சேமிப்பவர் மற்றவர் மாற்றியதை அழித்துவிடுவார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. ப்ளகின் மாற்றும் வரிசை

நிறுத்து. பழைய ஜாரை நீக்கு, அல்லது வேர் ஃபோல்டரில் "பழையவை" என்ற பொருளில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்கு நகர்த்து. புதிய ஜாரை ஏற்று. ஸ்டார்ட்.

பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் பதிப்பு எண் பெயரிலேயே இருப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தங்கும். ஒரே ப்ளகின் இரண்டு முறை. சர்வர் குழம்பி ஒன்றை எடுக்கும், அது பழையதாகவும் இருக்கலாம்.

ஜாரை மட்டும்தான் நீக்க வேண்டும். அதே பெயரில் இருக்கும் ஃபோல்டரையும் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடாதீர்கள், நிலப் பாதுகாப்பு எல்லைகள், வீட்டுக் குறியீடுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

ஒரு நேரத்தில் ஒரு ப்ளகின். ஐந்தைச் சேர்த்துப் போட்டு சர்வர் விழுந்தால் எது தள்ளியது என்று கண்டுபிடிக்க ஐந்து முறை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

ஏற்றியதும் அளவைப் பாருங்கள். இணையதளத்தில் 3.2 எம்பி என்று போட்டிருக்க, உங்கள் ஃபோல்டரில் 1.1 எம்பி இருந்தால் இறக்கும்போதோ ஏற்றும்போதோ அறுந்திருக்கிறது. மழை நாளில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் மோடம் மறுபடி எழ இரண்டு நிமிடம், அதற்குள் எஸ்எஃப்டிபி பாதியில் நின்றிருக்கும். அரைகுறை ஜாருக்கு லாக்கில் "ஜிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்" என்று வரும். ப்ளகினைக் குறை சொல்லாமல் மறுபடி ஏற்றுங்கள்.

7. உலகத்தை ஏற்றுவது

என் அக்கா பையன் தன் கம்ப்யூட்டரில் ஒரு வருடமாகக் கட்டிய உலகத்தை சர்வருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டான். வழிமுறை சொன்னேன், செய்தான், ஸ்டார்ட் கொடுத்தான். ஐந்து நிமிடத்தில் போன்: "மாமா, என் கோட்டையைக் காணோம். வெறும் காடா இருக்கு!"

திறந்து பார்த்தேன். "வேர்ல்ட்" உள்ளே "லெவல்.டாட்" இருந்தது, நேரம் அப்போதுதான் உருவானதாகக் காட்டியது. அதன் பக்கத்திலேயே இன்னொரு "வேர்ல்ட்". அதற்குள் அவனுடைய கோட்டை பத்திரமாக இருந்தது. அவன் முதலில் "வேர்ல்ட்" ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே போய், ஜிப்பை ஏற்றி, அங்கேயே விரித்திருக்கிறான். ஜிப்புக்குள்ளும் அதே பெயரில் ஃபோல்டர் இருந்ததால் பெட்டிக்குள் பெட்டி. சர்வர் வெளிப்பெட்டியில் "லெவல்.டாட்" தேடியது, கிடைக்கவில்லை, புது உலகம் படைத்துவிட்டது.

இந்த ஒரு பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. ஆகவே ஏற்றும் வரிசை இது.

முதலில் கம்ப்யூட்டரில் உலக ஃபோல்டரின் பெயரை "வேர்ல்ட்" என்று சின்ன எழுத்தில் மாற்றுங்கள். அந்த ஃபோல்டரையே ஜிப் ஆக்குங்கள். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தனித்தனியாக ஏற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், எது என்று தெரியாது.

சர்வரை நிறுத்தி, பேக்கப் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் "வேர்ல்ட்"டின் பெயரை மாற்றி ஓரம் கட்டுங்கள், அழிக்க வேண்டாம். மேலே விரித்தால் இரண்டு உலகமும் கலந்து, பாதி மலை பழையதும் பாதி மலை புதியதுமாகச் செங்குத்தாக வெட்டிய சுவர்கள் நிற்கும். பழைய "வேர்ல்ட்_நெதர்", "வேர்ல்ட்_த_எண்ட்" இரண்டையும் அதேபோல ஓரம் கட்டுங்கள், இல்லாவிட்டால் புது உலகத்தின் வாசல் வழியாகப் பழைய நெதருக்குப் போய் நிற்பார்கள்.

ஜிப்பை வேர் ஃபோல்டரில் ஏற்றி, வேர் ஃபோல்டரிலேயே விரியுங்கள். விரிந்து முடிந்ததும் "வேர்ல்ட்" உள்ளே ஒரு முறை போய்ப் பாருங்கள். முதல் பார்வையிலேயே "லெவல்.டாட்" தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஸ்டார்ட்.

தனி ஆள் விளையாடிய உலகத்தில் நெதரும் எண்டும் அதே ஃபோல்டருக்குள் இருக்கும். பேப்பர் முதல் முறை எழும்போது அவற்றைப் பிரித்துத் தனி ஃபோல்டர்களுக்கு நகர்த்திக்கொள்ளும், கன்சோலில் அதைப் பற்றி சில வரி வரும், பயப்பட வேண்டாம்.

பெட்டிக்குள் பெட்டி ஆகிவிட்டதா? நிறுத்துங்கள். வெளி ஃபோல்டரின் பெயரை "தப்பு" என்ற மாதிரி ஏதாவது ஆக்குங்கள். உள்ளே போய், கோட்டை இருக்கும் "வேர்ல்ட்"டைத் தேர்ந்து, மூவ் கொடுத்து, இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு ஒரு படி மேலே நகர்த்துங்கள். இரண்டு புள்ளி என்றால் மேல் ஃபோல்டர். அக்கா பையனின் கோட்டை இப்படித்தான் திரும்பி வந்தது.

பதிப்பையும் பாருங்கள். 1.20இல் கட்டிய உலகத்தை 1.21இல் திறக்கலாம், திறந்த பிறகு பழையபடி 1.20க்குப் போக முடியாது. 1.20.5 முதல் ஜாவா 21 வேண்டும். பழைய ஜாவாவில் எழுப்பினால் கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65 என்று ஒரு பிழை வந்து உடனே நின்றுவிடும். அதை ஃபைல் மேனேஜரில் தேடாதீர்கள், ஸ்டார்ட்அப் பகுதியில்தான் ஜாவா பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

8. உலகம் முழுவதையும் அல்ல, ஒரு மூலையை மட்டும் மீட்பது

யாரோ ஒருவன் விளையாட்டில் டிஎன்டி வெடி வைத்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் நூலகத்தைத் தகர்த்துவிட்டான். முழு பேக்கப்பை மீட்டால் மற்ற எட்டுப் பேரின் இரண்டு நாள் வேலை போகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் கணக்கு போட வேண்டும்.

ரீஜன் ஃபைல் ஒவ்வொன்றும் 512க்கு 512 கட்டை (பிளாக்) பரப்பு. பெயர் "ஆர்" என்று தொடங்கி இரண்டு எண்களோடு "எம்சிஏ" என்று முடியும். நூலகம் இருந்த இடத்தின் எக்ஸ் எண்ணையும் இசட் எண்ணையும் 512ஆல் வகுத்து, கீழே இருக்கும் முழு எண்ணை எடுங்கள். எக்ஸ் 700 என்றால் 1.37, ஆக 1. இசட் -200 என்றால் -0.39, அதற்குக் கீழே உள்ள முழு எண் -1. பூஜ்யம் இல்லை, இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது "ஆர்.1.-1.எம்சிஏ".

பேக்கப்பை கம்ப்யூட்டரில் இறக்கி விரித்து, "ரீஜன்" ஃபோல்டரிலிருந்து அந்த ஃபைலை எடுங்கள். அதே பெயரில் "என்டிட்டீஸ்" ஃபோல்டரிலும் "பிஓஐ" ஃபோல்டரிலும் ஒவ்வொன்று இருக்கும், அவற்றையும் எடுங்கள். சுவரில் மாட்டிய படச்சட்டங்களும் கிராமத்தார்களும் "என்டிட்டீஸ்"இல் இருக்கிறார்கள். ரீஜனை மட்டும் மாற்றினால் வீடு வரும், வீட்டில் ஆள் இருக்காது.

சர்வர் நின்றிருக்கும்போது மூன்றையும் அந்தந்த ஃபோல்டரில் மாற்றி வையுங்கள். அந்த 512 கட்டைக்குள் வேறு யாராவது புதிதாகக் கட்டியிருந்தால் அதுவும் பின்னுக்குப் போகும் என்பதை முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, ஒரு கோழிப்பண்ணைக்காக இரண்டு நாள் பேச்சு வாங்கினேன்.

9. எழுப்பி, லாக்கைப் படியுங்கள்

ஸ்டார்ட் அழுத்திவிட்டு உடனே விளையாட்டுக்குள் ஓடாதீர்கள். கன்சோலில் "டன்" என்று தொடங்கி எத்தனை விநாடி ஆனது என்று சொல்லும் வரி வந்தால்தான் சர்வர் எழுந்தது என்று அர்த்தம். அதற்கு மேலே இருப்பதை ஒரு முறை உருட்டிப் பாருங்கள்.

பிழை கொத்தாக வரும்போது புதியவர்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் பிழையைத்தான் பார்க்க வேண்டும், பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவு. "அனேபிள் டு அக்சஸ் ஜார்ஃபைல்" என்று ஒரே வரி வந்து நின்றால், ஸ்டார்ட்அப் பகுதியில் எழுதியிருக்கும் ஜார் பெயரும் வேர் ஃபோல்டரில் இருக்கும் ஜார் பெயரும் ஒத்துப்போகவில்லை.

லாக் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இரவு 9 மணிக்கு நூலகம் வெடித்தது என்றால் 15:30ஐத் தேடுங்கள். 21:00 அருகே தேடிவிட்டு "லாக்கில் ஒன்றுமே இல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

10. யாருக்கு எவ்வளவு சாவி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நண்பர்களோடு வேறு ஒரு சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தேன். சர்வர் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் சுகமாக இருந்தது, பேனல் கடவுச்சொல் வைத்திருந்த ஒரே ஆள் வேளச்சேரியில் கரண்ட் இல்லாமல் இருந்தான். வெளியூர் நண்பர்களில் ஒருவராலும் ரீஸ்டார்ட் செய்ய முடியவில்லை. ஆகவே குறைந்தது இரண்டு பேரிடம் சாவி வேண்டும், வெவ்வேறு வட்டாரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கடவுச்சொல்லைப் பகிர வேண்டியதில்லை. யூசர்ஸ் பகுதியில் துணைப் பயனராகச் சேர்த்து, அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஸ்டார்ட், ஸ்டாப், கன்சோல், ஃபைல்களைப் பார்ப்பது. திருத்துவது, பழகிய பிறகு. டெலீட்டும் எஸ்எஃப்டிபியும் பெரியவர்களிடம் மட்டும். கன்சோல் கொடுத்தால் யாரையும் ஆபரேட்டர் (விளையாட்டுக்குள் நிர்வாக அதிகாரம் உள்ளவர்) ஆக்கும் அதிகாரமும் சேர்ந்தே போகிறது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

11. இடம் நிரம்பும்போது

வட்டின் ஒதுக்கீடு தீர்ந்தால் சர்வர் சேமிக்க முடியாமல் தடுமாறும், அல்லது எழவே மறுக்கும். உடனே உலகத்தில் கை வைக்காதீர்கள். "லாக்ஸ்" ஃபோல்டரில் சுருக்கி வைத்த பழைய லாக்குகளையும் "க்ராஷ்-ரிப்போர்ட்ஸ்"ஐயும் தாராளமாக அழிக்கலாம். உலகத்தை வரைபடமாகக் காட்டும் டைன்மேப் ப்ளகின் போட்டிருந்தால் அதன் வரைபடத் துண்டுகளும், யார் எதை மாற்றினார் என்று பதியும் கோர்ப்ரொடெக்ட் ப்ளகின் இருந்தால் அதன் தரவுத்தளமும் நாளாக ஆக வீங்கும்.

பெரும்பாலும் குற்றவாளி வேறு: நீங்களே ஏற்றிய உலக ஜிப், ஃபோல்டரை இறக்குவதற்காக ஆர்கைவ் செய்த ஃபைல், ஏழாவது பகுதியில் ஓரம் கட்டிய பழைய உலகம். இவை வேர் ஃபோல்டரில் கிடந்தால் அடுத்த பேக்கப்புக்குள்ளும் போய் உட்காரும், பேக்கப்புக்குள் பேக்கப் என்று. புது உலகம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, கம்ப்யூட்டரில் நகல் இருக்கிறதா, அது விரிகிறதா என்று பார்த்துவிட்டு, அவற்றை அழித்துவிடுங்கள்.